தோல்வி காணாத அணிக்கு அடைக்கப்பட்ட கதவு

பதின்மூன்று ஆட்டங்கள் ஆடிப் பதின்மூன்றிலும் வெற்றியீட்டிய ஓர் அணி, நாட்டின் வாகையரைத் தெரிவுசெய்யும் இறுதிச் சுற்றில் ஆடத் தகுதியற்றது என விலக்கப்படுமா? 2023 டிசெம்பர் 3ஆம் நாள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணிக்கு அவ்வாறே நேர்ந்தது. அவ்வணியின் இரசிகன் என்ற முறையில் அன்று எழுந்த சினம் எனக்கு இன்னும் முற்றாகத் தணியவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றேன். வாசகர்கள் அதையும் கணக்கிற்கொண்டு மேலே படிக்கலாம்.

இது நாம் ஊரில் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்து பிடித்தும் எதிரணியின் எல்லையைக் கடக்கும் ஆட்டம். ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலிற் பெற்று, அதை எறிவதா, இன்னொருவரிடம் ஒப்படைப்பதா, தாமே கொண்டோடுவதா என நொடிப்பொழுதில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக் எனப்படுவார். பல்கலைக்கழக மாணவர் ஆடும் ஆட்டந்தானே என்று எண்ணிவிட வேண்டாம். 2023இல் தலஹாசி நகரிலுள்ள இவ்வணியின் அரங்கில் ஏறத்தாழ 80,000 பேர் அமர்ந்து பார்க்க இடமிருந்தது. 1993, 1999, 2013 ஆகிய ஆண்டுகளில் இவ்வணி நாட்டின் வாகையராக விளங்கியது. அதன் பின்னர் நெடிய வீழ்ச்சி. அவ்வீழ்ச்சியிலிருந்து அணியைத் தூக்கி நிறுத்தியவர்கள் பயிற்றுநர் மைக் நோவெலும், குவாட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிசும் ஆவர்.

2023 பருவத்தின் முதலாட்டத்திலேயே லூசியானா மாநில அணியை 45–24 என வென்றனர். செப்டெம்பரில் கிளெம்சன் அணியை அதன் சொந்த அரங்கிலேயே மேலதிக நேரத்தில் 31–24 என வீழ்த்தினர். 2014இன் பின்னர் கிளெம்சனுக்கெதிராகக் கிட்டிய முதல் வெற்றி அது. நவம்பர் 18ஆம் நாள், வலுக்குறைந்த வட அலபாமா அணியுடனான ஆட்டத்தின் முதற் காற்பகுதியில், ட்ராவிசின் இடது கால் பாரிய காயத்துக்குள்ளானது. அவர் வண்டியில் ஏற்றப்பட்டு அரங்கைவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டார். அவரது பருவம் அத்துடன் முடிந்தது.

அதன் பின்னர் இவ்வணி செய்ததே என் நெஞ்சில் நிலைத்திருப்பது. அடுத்த வாரம் மாற்று ஆட்டக்காரர் டேட் ரோட்மேக்கருடன் புளோரிடா பல்கலைக்கழகத்தை 24–15 என வென்றது. அவரும் தலையில் அடிபட்டு விலக, டிசெம்பர் 2ஆம் நாள் வட்டார வாகையர் ஆட்டத்தில் மூன்றாம் நிலையிலிருந்த முதலாண்டு மாணவர் புரொக் கிளென் இறங்கினார். லூயிவில் அணிக்கெதிராக 16–6. காண்பதற்கு அழகான ஆட்டமன்று. தடுப்பாட்டக்காரர்கள் பல்லைக் கடித்துப் பெற்றுத்தந்த வெற்றி. வெற்றி வெற்றிதான்.

மறுநாள், ரெக்சாஸ் மாநிலத்தின் கிரேப்வைன் நகரில் கூடிய 13 பேர் கொண்ட தெரிவுக்குழு நான்கு அணிகளின் பெயரை வெளியிட்டது. மிச்சிகன், வோஷிங்டன், ரெக்சாஸ், அலபாமா. புளோரிடா மாநிலம் ஐந்தாமிடம். நான்கு அணி முறை தொடங்கிய 2014 முதல், பெரிய வட்டாரமொன்றின் வாகையர் ஒரு தோல்வியுமின்றி வெளியே நிறுத்தப்பட்டமை அதுவே முதற்றடவை. அடைத்த கதவுக்கு அப்பால் முடிவெடுப்போருக்காகக் காத்திருப்பது என்னவென்று இவ்வேட்டின் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குழுவின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. முக்கிய ஆட்டக்காரர் இல்லாமையைக் கருத்திற்கொள்ள விதிகள் இடமளித்தன. அலபாமாவோ, 29 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்த ஜோர்ஜியாவை முதல்நாள்தான் 27–24 என வீழ்த்தியிருந்தது. அலபாமாவைச் சேர்த்தால், அதனை அதன் சொந்த மண்ணிலேயே 34–24 என வென்ற ரெக்சாசை விட்டுவிட முடியாது. இவ்வாறு கணக்குப் போட்டால் வெளியேறுவது எங்கள் அணியே.

ஆயினும் 2014இல் நடந்ததை இதே முறைமை மறந்துவிட்டது. அவ்வாண்டு ஒஹாயோ மாநில அணி இரண்டு குவாட்டர்பேக்குகளை இழந்து, மூன்றாமவரான கார்டேல் ஜோன்சுடன் வட்டார இறுதியாட்டத்தை 59–0 என வென்றது. அதற்கு ஒரு தோல்வியும் இருந்தது. இருந்தும் நான்காமிடம் வழங்கப்பட்டது. அவ்வணியே நாட்டின் வாகையருமானது. காயமுற்ற அணி என்ன செய்யும் என்பதை ஆடவிட்டுப் பார்ப்பதா, ஆடுமுன்னரே ஊகித்து முடிப்பதா? களத்திற் பெற்றதை மேசையிற் பறிப்பதாயின் பருவம் முழுதும் எதற்காக ஆடுகின்றார்கள்? தமது கால் முன்னரே முறிந்திருக்கக்கூடாதா, அணி தம்மொருவரால் ஆனதன்று என்பதைப் பலரும் கண்டிருப்பார்களே என்ற பொருள்பட ட்ராவிஸ் அன்று எழுதினார். இருபத்துமூன்று வயது இளைஞனை அவ்வாறு எண்ணவைத்த தீர்ப்பு அது.

ஆளுநர் ரொன் டிசான்டிஸ் வழக்குச் செலவுக்கென 10 இலட்சம் டொலரை ஒதுக்க முன்மொழிந்தார். பல்கலைக்கழகம் தன் வட்டார அமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தது. அது 2025 மார்ச்சில் இணக்கமாக முடிந்தது. அரசியல்வாதிகள் இவ்விடயத்திற் காட்டிய உருக்கம் எனக்கு அவ்வளவாக உவக்கவில்லை.

டிசெம்பர் 30ஆம் நாள் நடைபெற்ற ஒரேஞ்ச் கிண்ண ஆட்டத்தில், இருபதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விலகியிருக்க, மிஞ்சியோர் ஜோர்ஜியாவிடம் 63–3 எனத் தோற்றனர். குழு சொன்னது சரிதானே எனப் பலர் நகைத்தனர். ஆடியது அந்த அணியே அன்று என்பதை அவர்கள் எண்ணவில்லை.

2024 முதல் இறுதிச் சுற்று பன்னிரண்டு அணிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டு எங்கள் அணி இரண்டு ஆட்டங்களையே வென்று பத்தில் தோற்றது. நியூயோர்க் ஜெற்ஸ் அணியினால் தெரிவுசெய்யப்பட்ட ட்ராவிஸ், ஓர் ஆட்டமும் ஆடாமலே 2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார், கால் குணமாகவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 30ஆம் நாள் தலஹாசியில் அலபாமாவை 31–17 என வென்றபோது அரங்கமே ஆர்ப்பரித்தது. பருவ முடிவில் எங்களுக்கு ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. அலபாமா அம்முறையும் இறுதிச் சுற்றில் ஆடியது.