கால்பந்து ஸ்டேடியங்களில் மீண்டும் 'நின்று பார்க்கும்' பகுதி: பழைய தடையை இங்கிலாந்து ஏன் தளர்த்தியது?

வார இறுதியில் பிரீமியர் லீக் மேட்ச் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டாண்டில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். 90 நிமிடமும் நின்றபடியே பாட்டு, கைதட்டல், கூச்சல். இதுல என்ன விசேஷம்னு தோணலாம். ஆனால், 2022 தொடங்கும்வரை இங்கிலாந்தின் முதல் இரண்டு டிவிஷன்களில் இப்படி நின்றுகொண்டே மேட்ச் பார்ப்பது விதிமீறல். டிக்கெட் வாங்கியவர் அவருடைய சீட்டில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த விதி 97 பேரின் மரணத்துக்குப் பிறகு வந்தது. அதைத் தளர்த்தியது சரியா? 'பாதுகாப்பாக நிற்பது' என்றால் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

தடை எப்படி வந்தது?

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளுக்கு இடையே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்டது லெப்பிங்ஸ் லேன் பக்கம். சீட் இல்லாத சிமெண்ட் படிக்கட்டு. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிடக் கூடாது என்று முன்னால் உயரமான இரும்பு வேலி. பக்கவாட்டிலும் வேலி வைத்து, பட்டி மாதிரி தனித்தனி அடைப்புகளாகப் பிரித்திருந்தார்கள்.

மேட்ச் தொடங்கும் நேரம் நெருங்கியபோது நுழைவாயிலுக்கு வெளியே நெரிசல் அதிகமானது. அதைக் குறைக்க, 2.52 மணிக்கு ஒரு பெரிய கேட்டைத் திறக்க போலீஸ் உத்தரவிட்டது. உள்ளே வந்தவர்களுக்கு நேர் எதிரே ஒரு சுரங்கப் பாதை. அது நடுவில் இருந்த இரண்டு அடைப்புகளுக்குப் போகும் வழி. அவை இரண்டும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. ஓரத்து அடைப்புகளில் இடம் இருந்தது. ஆனால், சுரங்கப் பாதையை மூடி, கூட்டத்தை அங்கே திருப்பிவிட யாரும் இல்லை.

அந்த இரண்டு அடைப்புகளிலும் சேர்த்து அனுமதிக்கப்பட்டது 2,200 பேர். அன்று உள்ளே இருந்ததோ 3,000 பேருக்கும் மேல். 3.06 மணிக்கு மேட்ச் நிறுத்தப்பட்டது. நெரிசலில் மூச்சு விட முடியாமல் பலர் நின்ற இடத்திலேயே இறந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து 2021-இல் இறந்த ஒருவரையும் சேர்த்து, இன்று பலி எண்ணிக்கை 97.

நின்றதுதான் காரணமா?

இந்த விவாதத்தின் மையக் கேள்வியே இதுதான்.

விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லர், முக்கியக் காரணம் போலீஸ் கட்டுப்பாடு தோற்றதுதான் என்று சொன்னார். 1990 ஜனவரியில் வந்த அவருடைய இறுதி அறிக்கை, ஸ்டேடியங்கள் முழுக்க சீட் போடச் சொன்னது. அதே அறிக்கை, நின்று பார்ப்பது தன்னளவில் ஆபத்தானது இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்க சீட்தான் கூடுதலாக உதவும் என்பதே டெய்லரின் வாதம். சீட் இருந்தால் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எளிதாக எண்ணிவிடலாம். ஒரே இடத்தில் அளவுக்கு மேல் ஆட்களை அடைக்கவும் முடியாது.

அதாவது, ஆபத்து நிற்பதில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. வேலி, பூட்டு, தப்பான வழிகாட்டல் எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன.

ஆனால், அன்றைய பிரிட்டனில் பேச்சு வேறு மாதிரி போனது. ரசிகர்களே கேட்டை உடைத்து உள்ளே வந்தார்கள் என்று போலீஸ் பொய் சொன்னது. குடித்துவிட்டு வந்த கூட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. ரசிகர்களின் நடத்தை இந்த விபத்துக்குக் காரணம் இல்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016-இல்தான் ஜூரி தீர்ப்பு சொன்னது. அதற்காகக் குடும்பங்கள் 27 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

சீட் போட்டதும் பிரச்னை தீர்ந்ததா?

1994 ஆகஸ்டுக்குள் முதல் இரண்டு டிவிஷன் மைதானங்களில் பழைய படிக்கட்டுகள் போய் சீட் வந்தது. மூன்றாவது டிவிஷனுக்கும் அதற்குக் கீழேயும் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே ரசிகர்கள் தொடர்ந்து நின்றுதான் பார்த்தார்கள். ஒரே நாடு, ஒரே விளையாட்டு, ரெண்டு விதமான விதி.

ஸ்டேடியங்கள் முன்பைவிடப் பாதுகாப்பாக மாறின என்பது உண்மை. ஆனால், பெரிய கிளப்களிலும் எல்லாரும் உட்காரவில்லை. கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலும், வெளியூர் ரசிகர்களின் பகுதியிலும் ஆயிரக்கணக்கானோர் சீட்டுக்கு முன்னால் மேட்ச் முழுக்க நின்றுகொண்டே இருந்தார்கள். முன்வரிசை எழுந்தால் பின்வரிசையும் எழுந்தாக வேண்டும், இல்லையென்றால் எதுவும் தெரியாது.

இதில் ஒரு புது ஆபத்து. சாதாரண சீட்டின் முதுகு முழங்கால் உயரம்தான் இருக்கும். கோல் விழுந்ததும் கூட்டம் துள்ளும்போது, பின்னால் இருப்பவர் தடுமாறினால் முன்வரிசைமேல்தான் விழுவார். செங்குத்தான ஸ்டாண்டில் அது அடுத்தடுத்த வரிசைகளையும் சரிக்கலாம். உட்காருவதற்காகக் கட்டிய இடத்தில் நிற்பதுதான் உண்மையில் பாதுகாப்பில்லாதது.

சரி, 'ரெயில் சீட்'னா என்ன?

இதற்கும் நம்ம ஊர் ரயிலுக்கும் சம்பந்தம் இல்லை. இங்கே ரெயில் என்பது கைப்பிடிக் கம்பி. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதோடு சேர்ந்தே மடக்கக்கூடிய சீட் இருக்கும். நிற்க வேண்டுமென்றால் சீட்டை மடக்கிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம், உட்கார வேண்டுமென்றால் சீட்டை இறக்கிக்கொள்ளலாம்.

பழைய படிக்கட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் கணக்கு. இங்கிலாந்து விதிப்படி ஒரு சீட்டுக்கு ஒருவர் மட்டுமே. டிக்கெட்டில் சீட் எண் இருக்கும். அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். ஆயிரம் சீட் இருந்தால் ஆயிரம் பேர்தான். ஒவ்வொரு வரிசைக்கும் தடுப்பு இருப்பதால், கூட்டம் மொத்தமாக முன்னோக்கிச் சரிய வழியில்லை.

சிசிடிவி கண்காணிப்பு, ஊழியர்களுக்குத் தனிப் பயிற்சி போன்ற நிபந்தனைகளும் உண்டு. வெளியூர் ரசிகர்களுக்கும் நிற்கும் இடம் ஒதுக்க வேண்டும். இதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பார்வை மறைக்கக் கூடாது.

மாற்றம் எப்படி வந்தது?

தடைக்கு எதிராக ரசிகர் அமைப்புகள் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தன. இங்கிலாந்தின் சட்டம் பொருந்தாத ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் 2016-இல் ரெயில் சீட்டைக் கொண்டுவந்தது. 2018-இல், கட்டாயம் இல்லாத மூன்றாவது டிவிஷனில் இருந்த ஷ்ரூஸ்பரி டவுன் கிளப்பின் ரசிகர்கள், தாங்களே நிதி திரட்டி தங்கள் மைதானத்தில் போட்டார்கள்.

அதே ஆண்டில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளப் அனுமதி கேட்டபோது பிரிட்டன் அரசு மறுத்துவிட்டது. தடையை நீக்கக் கோரிய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, விஷயம் நாடாளுமன்ற விவாதத்துக்குப் போனது. 2019 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி இதை வாக்குறுதியாகவே கொடுத்தது.

2022 ஜனவரியில் செல்சி, மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம், கார்டிஃப் சிட்டி ஆகிய ஐந்து கிளப்களில் சோதனை முயற்சி தொடங்கியது. முதல் மேட்ச் ஜனவரி 2 அன்று நடந்த செல்சி - லிவர்பூல் ஆட்டம். சோதனை திருப்தியாக இருந்ததால், 2022-23 சீசனில் இருந்து தகுதியுள்ள எல்லா கிளப்களும் லைசென்ஸ் பெறலாம் என்று அரசு அறிவித்தது.

டிக்கெட் விலை குறையுமா?

இதற்கு ஜெர்மனியை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். போருசியா டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டில், 'மஞ்சள் சுவர்' என்று அழைக்கப்படும் இடத்தில், சுமார் 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். உள்நாட்டு லீக் ஆட்டங்களில் அந்த ஸ்டேடியத்தின் கொள்ளளவு 81,000-க்கும் மேல். எல்லாருக்கும் சீட் போட்டால் அது சுமார் 66,000 ஆகிவிடும். சீட்டைவிட நிற்பவர்களுக்கு இடம் குறைவாகத் தேவைப்படுவதால், அதிகம் பேரைச் சேர்த்து டிக்கெட்டையும் மலிவாகக் கொடுக்க முடிகிறது.

இங்கிலாந்தில் சீட்டுக்கு ஒருவர் என்பதால் கொள்ளளவு கூடாது. எனவே விலை தானாகக் குறையாது. டெய்லர் அறிக்கை, நிற்பதற்கு 4 பவுண்டு, உட்காருவதற்கு 6 பவுண்டு என்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை உதாரணம் காட்டி, சீட் வந்தாலும் ஏழை ரசிகர்களுக்குக் கட்டுப்படியாகும் என்று நம்பியது. அந்த நம்பிக்கை பொய்த்துப்போனது. பிரீமியர் லீக் காலத்தில் விலை பல மடங்கு ஏறியது. ரெயில் சீட் திருப்பித் தருவது நிற்கும் உரிமையை மட்டும்தான்.

உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் என்ன சொல்கின்றன?

ஒரே குரலில் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர், எந்தப் பெயரில் வந்தாலும் நிற்கும் பகுதி வேண்டாம் என்று உறுதியாக எதிர்த்தார்கள். ரெயில் சீட் வேறு, அன்றைய அடைப்பு வேறு என்று ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. 2017-இல் லிவர்பூல் ரசிகர் அமைப்பான 'ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி' நடத்திய வாக்கெடுப்பில் 88 சதவீதம் பேர் ரெயில் சீட்டை ஆதரித்தார்கள். 2021-இல் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்திலேயே சுமார் 7,800 ரெயில் சீட்டுகள் போடப்பட்டன. எதிர்ப்பவர்களின் பயத்தை யாரும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. 'பாதுகாப்பு' என்ற வார்த்தையை நம்பி மேட்சுக்குப் போனவர்கள்தான் திரும்பி வரவில்லை.

நமக்கு இதில் என்ன?

2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் அருகே நடந்த நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு நெரிசலுக்குப் பிறகும் 'ஜனங்க ஏன் இப்படி முண்டியடிக்கிறாங்க?' என்றுதான் முதலில் கேட்கிறோம். எத்தனை பேருக்கு இடம் இருந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எந்த கேட் எப்போது திறந்தது, நிரம்பிய வழியை மூட யார் இருந்தார்கள் என்ற கேள்விகள் பின்னால் போய்விடுகின்றன. நின்று பார்க்கலாமா என்று இங்கிலாந்து மறுபடி யோசிக்க முடிந்ததே, இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிய பிறகுதான்.