நரம்பைச் சுட்டு இரத்த அழுத்தத்தைக் குறைக்கலாமா?

மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, “120-க்கு 80” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதயம் சுருங்கும்போது தமனியில் உள்ள அழுத்தம் 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் என்பது இதன் பொருள். பாதரசத்துக்குப் பதில் தண்ணீர் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நிற்கும்!

சிலருக்கு இந்த அளவு 160-ஐத் தாண்டுகிறது. மூன்று வகை மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டும் இறங்குவதில்லை. அப்படியே விட்டால் பக்கவாதமோ மாரடைப்போ வரக்கூடும். இவர்களுக்கு வேறு வழி உண்டா?

சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனியைச் சுற்றிப் பரிவு நரம்புகள் கொடிபோல் படர்ந்துள்ளன. இவை தூண்டப்பட்டால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. ரெனின் என்ற பொருளையும் இரத்தத்தில் விடுகிறது. அதன் விளைவாக உடலெங்கும் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. பாய்ஸொய் விதிப்படி, குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆரம் 10 சதவீதம் குறைந்தால், அதே அளவு திரவம் பாய ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தம் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்!

அப்படியானால் நரம்பைத் துண்டித்தால் என்ன? 1930-களிலும் 1940-களிலும் முதுகெலும்பின் அருகே பரிவு நரம்புகளை அறுவை செய்து வெட்டினார்கள். அழுத்தம் குறைந்தது, ஆனால் எழுந்து நின்றால் மயக்கம் வந்தது. நல்ல மாத்திரைகள் வந்ததும் இம்முறை மறைந்தது.

இப்போதைய முறையில் உடலைப் பிளப்பதில்லை. தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் சிறுநீரகத் தமனிக்குள் செலுத்துகிறார்கள். அதன் நுனியிலுள்ள மின்வாய் ரேடியோ அதிர்வெண் மின்னோட்டத்தால் தமனிச் சுவரைச் சூடாக்க, அதையொட்டிய நரம்புகள் செயலிழக்கின்றன. ஓடும் இரத்தமோ தமனியின் உட்பரப்பைக் குளிர்விக்கிறது.

2010-இல் வெளியான ஒரு சோதனையில், ஆறு மாதத்தில் அழுத்தம் சராசரியாக 32 மி.மீ. குறைந்திருந்தது. ஆனால், சிகிச்சை பெற்றோம் என்ற நம்பிக்கையே அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக்கூடும். மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடத் தூண்டும். இதை எப்படிப் பிரித்தறிவது?

அமெரிக்காவில் 535 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு நரம்பைச் சுட்டார்கள். மற்றவர்களுக்குச் சிறுநீரகத் தமனியைப் படம் மட்டும் எடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. 2014-இல் வந்த முடிவு என்ன தெரியுமா? சுட்டவர்களுக்கு 14 மி.மீ. குறைந்தது, சுடாதவர்களுக்கும் 12 மி.மீ. குறைந்தது! இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் வரலாம்.

ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடினார்கள். பலருக்கு நரம்புகள் முழுமையாகச் சுடப்படவில்லை என்று தோன்றியது. எனவே நான்கு மின்வாய்கள் கொண்ட சுருள் கதீட்டரையும், மீயொலியால் சுடும் கருவியையும் கொண்டு, அதே போன்ற ஒப்பீட்டுடன் மீண்டும் சோதித்தார்கள். இம்முறை சுடாதவர்களைவிடச் சுமார் 4 முதல் 6 மி.மீ. கூடுதலாகக் குறைந்ததைப் பல சோதனைகள் காட்டின. 2023 நவம்பரில் இவ்விரு வகைக் கருவிகளுக்கும் அமெரிக்கா அனுமதி அளித்தது. எனினும் இது முழுக் குணம் அன்று; பெரும்பாலோர் மாத்திரையைத் தொடரவேண்டும்.

32 எங்கே, 5 எங்கே! இனி ஒரு மருந்தோ உரமோ நல்ல பலன் தந்தது என்று படித்தால், எதனுடன் ஒப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.