சின்னக் காரின் பெரிய மூச்சு



கார் என்றதும் நம் பிள்ளைகளின் கண்கள் பெரிய வண்டிகளின் மேல்தான் போகின்றன. நீண்ட மூக்கு, அகலச் சக்கரம், உறுமும் புகைக்குழாய் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை நாம் குறை சொல்லப் போவதில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வண்டி. பினாங்கில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் வெயிலில் சாயம் வெளிறி நிற்குமே, அந்தக் கஞ்சில்தான்.

பெரோடுவா நிறுவனம் 1994-இல் கஞ்சிலை வெளியிட்டது. 2009 வரை, ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில், முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணிக் கணக்கெடுப்பதாகச் சொல்லி, அவற்றின் முதுகின் மேலேயே தாவித் தாவி ஆற்றைக் கடந்த தந்திரக்காரச் சருகுமானை நம்மில் பலர் பள்ளியிலேயே அறிந்திருப்போம். பெயர் வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இந்த வண்டிக்குள்ளும் ஒரு தந்திரம் இருக்கிறது.

அடிப்படையில் கஞ்சில் ஜப்பானின் டைஹாட்சு மிரா என்ற வண்டியே. முதலில் வந்த கஞ்சிலில் இருந்தது மூன்று சிலிண்டர் கொண்ட 660 சி.சி. இயந்திரம். கார்புரேட்டர் வழியாக எரிபொருள் ஊட்டப்பட்டு, 30-ஐ ஒட்டிய குதிரைச்சக்தி தந்தது. காரோட்டும் பயிற்சிப் பள்ளிக்கும், சந்தைக்குப் போய் வரவும் அது போதும். ஆகவே நம்மவர்கள் அதற்குப் ‘பயிற்சி வண்டி’ என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

ஆனால் அந்த 30 குதிரைச்சக்தி இயந்திரத்தின் இயலாமை அன்று. வேண்டுமென்றே வைத்த அளவு. ஜப்பானில் சிறு வண்டிகளுக்கென்று ஒரு தனி வகை உண்டு. 1990 முதல் அவ்வகை வண்டியின் இயந்திரம் 660 சி.சி.க்கு மிகாமலும், நீளம் 1998 வரை 3.3 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தால் வரியில் சலுகை. நிறுவனங்கள் இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே போட்டி போட்டுக்கொண்டு சக்தியை ஏற்றத் தொடங்கவே, 1987 முதல் 64 குதிரைச்சக்தியை யாரும் தாண்டுவதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாட்டில் நின்றன. நமக்குக் கஞ்சிலாக வந்த அதே தலைமுறை மிராவில், டர்போ பூட்டிய வகை அந்த 64-ஐ எட்டியது. அதே கூடு, அதே 660 சி.சி., அதே மூன்று சிலிண்டர். சக்தி மட்டும் இரு மடங்கு!

இப்போது எடையைப் பார்ப்போம். கையால் கியர் மாற்றும் 660 கஞ்சில் 700 கிலோவைத் தொடாது. ஒரு வண்டி எவ்வளவு விரைவாக வேகமெடுக்கும் என்பதைச் சொல்வது வெறும் குதிரைச்சக்தி அன்று. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைச்சக்தி என்ற கணக்குத்தான். 30 குதிரைச்சக்தியில் கஞ்சிலுக்கு டன்னுக்கு 44 கிடைக்கிறது. 64 ஆக்கினால் 90-ஐத் தாண்டுகிறது. 1,300 கிலோ எடையுள்ள ஒரு பெரிய கார் இதே விகிதத்தை எட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 120 குதிரைச்சக்தி வேண்டும். சின்ன வண்டியில் கூட்டுகிற ஒவ்வொரு குதிரைச்சக்திக்கும் மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.

இரு மடங்கு எப்படி வந்தது? கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கரி அதேதான், உலையும் அதேதான். காற்றை அழுத்தி ஊதினால் நெருப்பு சீறுகிறது. இயந்திரமும் மூச்சு விடுகிற பொருள்தான். அது இழுக்கும் காற்றின் அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். டர்போ என்பது இயந்திரத்தின் துருத்தி. வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதன் அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் புதுக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய சக்கரங்கள் இவை!

அப்படியானால் பழைய கஞ்சில் இயந்திரத்திலேயே ஒரு டர்போவை வாங்கி மாட்டிவிடலாமே என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். இங்கேதான் பணமும் இயந்திரமும் சேர்ந்து போகின்றன. டர்போ இல்லாத இயந்திரத்தில், பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெட்ரோலும் ஏற்கெனவே நன்றாக நெருக்கப்படுகின்றன. அதன் மேல் டர்போவும் அழுத்தினால், தீப்பொறி விழுந்து நெருப்பு ஒழுங்காகப் பரவும் முன்பே மீதிக் கலவை சூட்டில் தானாக வெடிக்கும். உள்ளே சுத்தியலால் தட்டுவது போல் ‘டக் டக்’ என்று கேட்கும். அந்தச் சத்தத்தோடு சில கிலோமீட்டர் ஓட்டினால் பிஸ்டன் உருகி ஓட்டை விழவும் கூடும். தொழிற்சாலையிலேயே டர்போவுக்கென்று செய்த இயந்திரத்தில் பிஸ்டன் வேறு, நெருக்கும் அளவு குறைவு, எண்ணெய் ஓடும் வழியும் குளிர்விக்கும் ஏற்பாடும் வேறு.

ஆகவேதான் நம் நாட்டுப் பட்டறைக்காரர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். அதற்கு ‘ஹாஃப் கட்’ என்று பெயர். ஜப்பானில் புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கொரு முறையும் கட்டாயச் சோதனை. அதற்கான செலவைக் கணக்குப் பார்த்து, நன்றாக ஓடுகிற வண்டியையே பலர் கழித்துவிடுகிறார்கள். முழு வண்டியாக இங்கே கொண்டுவருவதற்கு அனுமதி, வரி என்று பெரிய தடைகள். பாதியாக அறுத்தால் அது வண்டி அன்று, உதிரிப்பாகம்! மூக்கு முதல் முன் கதவு வரை உள்ள பாதி, இயந்திரம், கியர் பெட்டி, மின்கம்பிகள், கட்டுப்பாட்டுக் கருவி, ரேடியேட்டர் எல்லாவற்றோடும் கொள்கலனில் ஏறி மலேசியத் துறைமுகங்களுக்கு வந்து சேர்கிறது. பினாங்குத் துறைமுகம் என்றால் தீவிலுள்ள சுவெட்டன்ஹம் துறைதான் நம் நினைவுக்கு வரும். அங்கே உல்லாசக் கப்பல்கள் நிற்கும். கொள்கலன்கள் இறங்குவது அக்கரையில், பட்டர்வொர்த் படகுத்துறைக்கு வடக்கே உள்ள தளத்தில். அறுத்த வண்டியை வாங்குவதில் உள்ள நன்மை, ஒன்றோடொன்று பொருந்துகிற எல்லாப் பாகமும் ஒரே இடத்தில் கிடைப்பது. டர்போ தனியாக, கம்பி தனியாக என்று நாலு கடையில் பொறுக்கிய வண்டி, நாலு மருத்துவரிடம் மருந்து வாங்கிய நோயாளியைப் போலத்தான் இருக்கும்.

சிறு இயந்திரத்திலிருந்து எவ்வளவுதான் கறக்க முடியும்? டைஹாட்சு 1998-இல் ஸ்டோரியா எக்ஸ்4 என்று ஒரு வண்டி செய்தது. அதன் இயந்திரம் 713 சி.சி.தான், சக்தியோ 120 குதிரை. ஏன் இந்த விந்தையான 713? பந்தயங்களில் டர்போ இயந்திரத்தின் அளவை 1.4-ஆல் பெருக்கிக் கணக்கிட்டார்கள். 713-ஐ 1.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், 998 வரும். 1,000 சி.சி. வகுப்புக்குள் மயிரிழையில் நுழைந்துவிட்டது. இது வழக்கறிஞர்கள் வடிவமைத்த இயந்திரம் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லலாம்.

நம் தமிழகத்திலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், குடும்பங்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்த மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் இயந்திரத்தை எடுத்து, ஒற்றை ஆள் அமரும் பந்தய வண்டியில் பொருத்தினார். 1988-இல் தோன்றிய அந்த ‘ஃபார்முலா மாருதி’ பந்தயங்கள், பெரும் பணம் இல்லாத இளைஞர்களுக்கும் வாசலைத் திறந்துவிட்டன. அதே கோயம்புத்தூரிலிருந்து வந்த நரேன் கார்த்திகேயன் அவ்வகை வண்டியில்தான் பந்தயத்தைத் தொடங்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். பொதுச்சாலையில் அன்று, பந்தயத் தடத்தில் ஓடிய வண்டிகள் அவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னே இங்கிலாந்தில் 1959-இல் வந்த மினிக்கு 848 சி.சி., 34 குதிரைச்சக்தி. ஜான் கூப்பர் என்ற பந்தய வண்டிக்காரர் கைவைத்த பிறகு, 1961-இல் அது 997 சி.சி., 55 குதிரைச்சக்தி ஆயிற்று. 1964-இல் மான்டி கார்லோ பந்தயத்தை மினி கூப்பர் வென்றது. அதில் நாம் கவனிக்க வேண்டிய பகுதி வேறு. கூப்பர் சக்தியைக் கூட்டியபோதே முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக்கும் வைத்தார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான்.

கஞ்சிலின் பிரேக் 30 குதிரைச்சக்திக்கு அளந்து வைத்தது. ஓடும் வண்டியை நிறுத்தும்போது அதன் இயக்கமெல்லாம் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 110-லிருந்து நிறுத்தும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதை நமக்குத் தெரியும். தித்தி கெராவாங் அருவியைத் தாண்டி இறங்கும்போது வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொன்றிலும் பிரேக்கை மிதித்தால் அது ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல ஆண்டு மாற்றாத எண்ணெய் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். குமிழி விட்டதும் மிதி பஞ்சு போல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கொரு முறை அந்த எண்ணெயை மாற்றச் சொல்வது பட்டறைக்காரரின் வியாபாரத் தந்திரம் அன்று. 12 அங்குலச் சக்கரத்துக்குள் பெரிய டிஸ்க் நுழையாது. எனவே பிரேக்கைப் பெரிதாக்க நினைப்பவர்கள் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

ஒரு பையன் இப்படி ஒரு வண்டியைக் கையில் எடுத்தால், முதல் மாதச் சம்பளத்தை எதில் போடுவது? டர்போவில் அன்று. முதலில் மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இருபது ஆண்டு ஓடிய இயந்திரம் தொழிற்சாலையில் கொடுத்த 30 குதிரைச்சக்தியைக்கூட இன்று தருவதில்லை. வால்வு இடைவெளி, தீப்பொறி நேரம், அடைந்துபோன காற்று வடிகட்டி, கார்புரேட்டர் இவற்றைச் சரிசெய்தாலே வண்டி இளமைக்குத் திரும்பும். அடுத்து நல்ல டயர், பிரேக், கெட்டுப்போன ரப்பர் புஷ்கள். இவ்வளவும் செய்து ஓட்டிப் பார்த்தபின் இன்னும் வேகம் வேண்டுமா என்று யோசிக்கலாம். பலருக்கு அந்த ஆசை அத்தோடு அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களுக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த 850 சி.சி. கஞ்சில் இயந்திரம் இருக்கிறது. அதற்கும் மேலேதான் ஜப்பானிய டர்போ.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். வண்டி சோதனைக்குப் போக வேண்டும். கிராண்டில் உள்ள இயந்திர எண் மாற வேண்டும். தீபகற்பத்தில் 1,000 சி.சி.க்கு மிகாத தனியார் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளிதான். டர்போ இருந்தாலும் அளவு 660 என்றால் அதே 20 வெள்ளி. இவ்வளவு மலிவாக இருக்கும்போது பதியாமல் ஓட்டுவதில் என்ன மிச்சம்? எண் மாறிய இயந்திரத்தோடு விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பினாங்குப் பாலத்தில் கார்களுக்கு வேக வரம்பு 80. அதில் எந்த இயந்திரத்துக்கும் சலுகை இல்லை.

முறையாக டர்போ பொருத்தி, பதிந்து, மலையேறிப் பாலிக் புலாவ் லக்சா கடை வாசலில் போய் நிற்கும் நேயர்களுக்கு ஒரு குறிப்பு. நின்றவுடன் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். டர்போவின் அச்சு அப்போதும் கொதிக்கும் சூட்டில்தான் இருக்கும். அதற்கு உயவும் குளிர்ச்சியும் ஓடும் எண்ணெயால்தான். இயந்திரம் நின்றால் எண்ணெய் அங்கேயே தங்கிக் கருகிக் கரியாகப் படியும்; நாளடைவில் அச்சு தேயும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு நிறுத்திவிட்டு இறங்குங்கள். லக்சா அதற்குள் ஆறிவிடாது.