22-ஆம் நம்பர் வாசல்: தட்டுவது யார் தெரியுமா?

புதுசாக ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுக்கிறீர்கள். இன்னும் பால்கூடக் காய்ச்சவில்லை. அதற்குள் வாசலில் டொக் டொக்! அட்மின், ரூட், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி, பாஸ்வேர்டை மாற்றி மாற்றி யாரோ தட்டுகிறார்கள். மனிதர்கள் இல்லை, இணைய முகவரிகளை வரிசையாகச் சலித்துக்கொண்டே போகும் 'பாட்' எனும் தானியங்கி நிரல்கள். லாகின் பதிவைத் திறந்து பாருங்கள், தலை சுற்றும்!

அவை தட்டுவது பெரும்பாலும் 22-ஆம் போர்ட்டை. ஏன் 22 தெரியுமா? 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளிவிட்டார்கள். தூரத்துக் கணினிக்குள் டெல்நெட் வழியாக நுழைந்த காலம் அது. பாஸ்வேர்டு தபால் கார்டில் எழுதியதுபோல அப்படியே போகும். கொதித்துப்போன ஆய்வாளர் டாட்டு யுலோனன் உட்கார்ந்து எழுதியதுதான், எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எச். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலி! ஒரே ஒரு மின்னஞ்சல் போட்டார்; மறுநாளே எண் கைக்கு வந்துவிட்டது. நம்மூரில் பைக்குக்கு ஃபேன்ஸி நம்பர் வாங்க இதைவிட அலைய வேண்டும். இன்னொன்று: ஹெல்சிங்கியில்தான் நான்கு வருடம் முன்பு லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியிருந்தார்!

சரி, தட்டுகிறவர்களை என்ன செய்வது? பாஸ்வேர்டையே ஒழித்துவிட வேண்டியதுதான். உங்கள் லேப்டாப்பில் எட்25519 வகைச் சாவி ஜோடி ஒன்றை உருவாக்குங்கள். 2-இன் 255-ஆம் அடுக்கிலிருந்து 19-ஐக் கழித்தால் வரும் பகா எண்ணிலிருந்து வந்த பெயர் அது. அந்த ஜோடியில் பொதுச்சாவி மட்டும் சர்வருக்குப் போகும். வெறும் 32 பைட்! ரகசியச் சாவி லேப்டாப்பைத் தாண்டுவதே இல்லை. நீங்கள் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக ஒரு கையெழுத்துப் போட, அந்தக் கையெழுத்து மட்டும் பயணம் போகிறது. நாளை சர்வரையே ஒருவன் கொள்ளையடித்தாலும் உங்கள் ரகசியச் சாவி அங்கே கிடைக்காது. என்னைக் கேட்டால் 'பொதுச்சாவி' என்ற பெயரே தப்பு, அது பூட்டு!

சாவி பிறந்ததும் திரையில் புள்ளியும் கூட்டல் குறியுமாக ஒரு கிறுக்கல் படம் வரும், பார்த்திருக்கிறீர்களா? சதுரங்கப் பலகையில் குடித்துவிட்டுத் தள்ளாடும் பிஷப்பின் காலடித் தடம் என்று அதைச் செல்லமாகச் சொல்கிறார்கள். சாவியின் கைரேகையை எண்ணாகப் படிப்பதைவிடப் படமாகப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படுமாம்.

அடுத்து ரூட் லாகினை மூடுங்கள், பாஸ்வேர்டு லாகினை மூடுங்கள். எஸ்எஸ்எச் சேவையை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் இணைப்பு அறுந்துபோகாது. மரக்கிளையில் உட்கார்ந்தபடியே மரத்தை மாற்றி நடுகிற வித்தை! அதனால் பழைய டெர்மினல் ஜன்னலை மூடாமல், புது ஜன்னலில் நுழைந்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ஃபயர்வாலில் 22-ஐத் திறந்து வைத்த பிறகே ஃபயர்வாலை ஆன் செய்ய வேண்டும். நான் ஒருமுறை தலைகீழாகச் செய்து, என் வீட்டு வாசலிலேயே அசடு வழிய நின்றேன்.

சாவியே ஏமாற்றியதும் உண்டு. 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் யாரோ நீக்கிய ஓரிரு நிரல் வரிகளால், சாவியின் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு நீளத்துக்கும் 32,768 சாவிகள்தான் பிறக்கும் என்றாகிவிட்டது. 2008 வரை யாருக்கும் தெரியாது!

ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததுதான் உச்சம். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் ஒரு கள்ளக் கதவு. எஸ்எஸ்எச்சுக்கும் அதற்கும் நேரடி உறவே கிடையாது. சிஸ்டம்டி என்ற இன்னொரு மென்பொருள் வழியாகத் தொற்றிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. ஜியா டான் என்ற பெயரில் யாரோ இரண்டு வருடத்துக்கும் மேல் நல்ல பிள்ளையாக வேலை பார்த்து வைத்த பொறி. பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர். வேறெதற்கோ வேகத்தை அளந்துகொண்டிருந்தவர், 0.299 விநாடியில் முடிய வேண்டிய எஸ்எஸ்எச் லாகின் 0.807 விநாடி இழுப்பதைக் கவனித்தார். அரை விநாடி!

அவருக்கு முதல் சந்தேகம் எங்கே வந்தது தெரியுமா? தப்பான பெயர் சொல்லித் தோற்றுக்கொண்டிருந்த லாகின் முயற்சிகள் சிபியுவை அளவுக்கு மீறித் தின்பதைப் பார்த்து. ஆமாம், வாசலில் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருந்ததே, அதே பாட்கள்தான்!