பனிக்கட்டி வண்டியும் ஊர் இறைச்சிக் கடையும்

சிற்றூர் ஒன்றிலே இறைச்சிக் கடை வைத்துப் பிழைத்த ஒருவர், தம்மையொத்த கடைக்காரரின் தொழிலையே பின்னாளில் தலைகீழாக மாற்றிவிட்டார். அவர்தாம் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த குஸ்தேவஸ் ஸ்விப்ட்.

1839ஆம் ஆண்டு மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கடற்கரைப் பகுதியாகிய கேப் கொட்டில் பிறந்த ஸ்விப்ட், பதினான்கு வயதிலே தமையனாரின் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1859இல் ஈஸ்தம் என்னும் ஊரிலே சொந்தக் கடை திறந்தார். அக்காலத்துச் சிற்றூர்க் கடைக்காரர் மாட்டைத் தாமே பார்த்து வாங்குவார், தாமே அறுப்பார், குதிரை வண்டியில் ஏற்றி வீடு வீடாகவும் விற்பார். கோடையில் இறைச்சி விரைவிலே கெட்டுவிடும். ஆகவே, வேண்டிய அளவுக்கே அறுப்பார். வாங்குவோருக்கு அவருடைய சொல்லே உத்தரவாதம்.

மாட்டு வியாபாரத்திலும் இறங்கிய ஸ்விப்ட் 1875இல் சிக்காகோ நகருக்குச் சென்றார். அங்கிருந்து கிழக்கு நகரங்களுக்கு மாடுகள் உயிரோடு புகையிரதத்தில் அனுப்பப்பட்டன. வழியிலே சில இறந்தன, மற்றவை மெலிந்தன. உணவுக்கு உதவாத தோலுக்கும் எலும்புக்கும் குடலுக்கும்கூட ஏற்றுகூலி கொடுக்க வேண்டியிருந்தது. சிக்காகோவிலேயே அறுத்து இறைச்சியை மட்டும் அனுப்பினால் என்ன என்று ஸ்விப்ட் எண்ணினார். வெப்பமே தடையாக நின்றது. 1878இல் அன்ட்ரூ சேஸ் என்னும் பொறியியலாளர் அவருக்கெனக் குளிர்வண்டி ஒன்றை அமைத்தார். வண்டியின் மேற்பகுதியில் பனிக்கட்டி வைக்கப்பட்டது. குளிர்ந்த காற்று கீழே இறங்க, வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறியது. அமைப்பு எளியது, விளைவோ பெரியது.

உயிர்மாடுகளை ஏற்றி வருவாய் பெற்ற புகையிரதக் கம்பனிகள் இவ்வண்டிகளை விரும்பவில்லை. கனடா வழியாகச் சென்ற கிராண்ட் டிரங்க் புகையிரதமே அவற்றை ஏற்றுக்கொண்டது. ஊர்க் கடைக்காரரும் எதிர்த்தனர். அவர்களிற் சிலரை ஸ்விப்ட் பங்காளிகளாக்கினார். இணங்காதவரோடு விலையைக் குறைத்துப் போட்டியிட்டார். அறுப்பதற்கு முந்திய 24 மணி நேரத்துக்குள் மாடுகளைத் தன் மாநிலத்திலேயே சோதிக்க வேண்டுமென மினசோட்டா 1889இல் சட்டம் இயற்றியது. வெளியூர் இறைச்சிக்கு இது கதவடைப்பதாகும் என்று கூறி, நாட்டின் மீயுயர் நீதிமன்றம் 1890இல் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது.

மலிவான இறைச்சியினால் நகரத்து ஏழைகள் நன்மை அடைந்தனர். இதனை மறுத்தல் தகாது. ஆனால், மாட்டின் கண்ணையும் நடையையும் பார்த்து நோயை அறிந்த ஊர்க் கடைக்காரர், எங்கோ அறுக்கப்பட்ட இறைச்சியை வெட்டி விற்பவராக மாறினார். தாம் கண்ணாற் காணாத மாட்டுக்கு அவர் எவ்வாறு உத்தரவாதம் கூறுவார்?

ஸ்விப்ட் 1903இல் காலமானார். மூன்றாண்டுகளின் பின், 1906இல், இறைச்சியை அரசாங்கமே சோதிக்க வேண்டுமென்னும் சட்டம் நாடளாவிய முறையில் நிறைவேறியது. உண்பவருக்கும் அறுப்பவருக்கும் இடையே தூரம் வளர்ந்தபோது, முன்பு ஒரு கடைக்காரரின் சொல் தாங்கிய பொறுப்பை அரசாங்க முத்திரை தாங்க வேண்டியதாயிற்று.