ஒரு மனசு, இன்னொரு மனசு

மனித மனம் பல பகுதிகளால் ஆனது, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை உண்டு என்ற கருத்தில் பிறந்தது ‘உள்மனக் குடும்பச் சிகிச்சை’. 1980களில் இதை வகுத்தவர் அமெரிக்கக் குடும்ப உளவியல் சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஸ்வார்ட்ஸ். அளவுமீறிச் சாப்பிட்டு வாந்தியெடுக்கும் நோயுள்ள இளம்பெண்கள், தங்களுக்குள் பல பகுதிகள் சண்டையிடுவதாக அவரிடம் சொன்னார்கள். குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசிப் பழகியவர், அந்த வழியையே மனதுக்குள்ளும் கொண்டுபோனார். ‘ஒரு மனசு போங்குது, ஒரு மனசு வேண்டாங்குது’ என்று பேசும் தமிழருக்கு இது எளிதில் விளங்கும்.

வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவமானப்பட்ட சிறுவனை எடுத்துக்கொள்ளலாம். அந்த வலியைச் சுமக்கும் பகுதி உள்ளே ஒதுக்கி வைக்கப்படுகிறது. அது மறுபடி காயப்படாமலிருக்க, ‘வாயைத் திறக்காதே, தப்பே செய்யாதே’ என்று விரட்டும் ‘நிர்வாகி’ உருவாகிறது. அதையும் மீறிப் பழைய வலி கிளம்பினால், கோபமாகவோ குடியாகவோ ‘தீயணைப்பாளர்’ பாய்ந்து வருகிறது. எரிவதை அணைப்பதே அதன் ஒரே குறி. வீடு நாசமாவது அதன் கண்ணில் படாது.

இவற்றுள் எதுவும் கெட்ட பகுதி இல்லை என்பதே இச்சிகிச்சையின் உயிர்நாடி. கோபத்தை அடக்கச் சொல்வதற்குப் பதிலாக, ‘நீ இந்த வேலையை விட்டுவிட்டால் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறாய்?’ என்று அதனிடமே கேட்கப் பழக்குகிறார் சிகிச்சையாளர். கேட்பது, பதற்றமில்லாத, பரிவுள்ள ‘சுயம்’. அது எல்லாரிடமும் உண்டு என்கிறார் ஸ்வார்ட்ஸ்.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உருவகம் உண்டு. தென்காசி மாவட்டம் கீழப்பாவூரில், அசுரன் இரணியனை மடியில் கிடத்திய பதினாறு கை நரசிம்மர் இருக்கிறார். புராணப்படி அந்த உக்கிரம் எழுந்தது ஒரு குழந்தையைக் காக்க. தேவர்களே நெருங்க அஞ்சியபோது, பயமின்றி அருகே போய் நின்ற அந்தக் குழந்தை பிரகலாதனிடம்தான் அது தணிந்தது. காவலுக்கு வந்த கோபம் எப்படி ஆறும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

ஆனால் இச்சிகிச்சைக்கு ஆய்வுச் சான்று இன்னும் குறைவு. முடக்குவாத நோயாளிகள் 79 பேரிடம் நடந்து 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இச்சிகிச்சை பெற்றவர்களுக்கு வலியும் மனச்சோர்வும் குறைந்தன. இத்தகைய சிறிய ஆய்வுகளை மட்டும் நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. காதில் குரல் கேட்பது, தற்கொலை எண்ணம் போன்றவற்றுக்கு முதலில் மனநல மருத்துவரையே பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில், இரவும் பகலும், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.