இரண்டாவது பாராசூட் எதற்கு?

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையில் பேளகொண்டப்பள்ளி என்று ஓர் ஊர் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஊர்தான். ராகி வயல், ரோஜாத் தோட்டம், கொஞ்சம் தள்ளிப் போனால் யானை நடமாடும் காடு... இவற்றுக்கு நடுவே 2 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான விமான ஓடுதளம்! 1994-ல் தொடங்கப்பட்ட தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஓடுதளம் அது. இத்தாலிக்காரர்கள் வடிவமைத்த பி-68 என்ற ஆறு இருக்கை விமானத்தை அந்த நிறுவனம் இங்கேதான் தயாரித்தது.

தலைக்கு மேல் குட்டி விமானம் போவதைப் பார்த்தால் உங்களில் பலருக்கு ஓர் ஆசை வரும். "அதிலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தால் எப்படி இருக்கும்?"

அனுபவமுள்ள ஒரு வான்குதிப்புப் பயிற்சியாளரிடம் போய் இதைக் கேட்டால், அவர் வானத்தைக் காட்ட மாட்டார். ஒரு பையைத் தூக்கி உங்கள் முன்னால் வைப்பார். "குதிக்கிறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாரு" என்பார். வாருங்கள் குட்டீஸ், நாமும் அந்தப் பையைத் திறந்து பார்ப்போம்.

பைக்குள் பாய்!

பார்க்க நம் பள்ளிக்கூடப் பை மாதிரிதான் இருக்கும். தோளிலும் நெஞ்சிலும் இரண்டு தொடைகளிலும் இறுக்கிக் கட்ட அகலமான நைலான் பட்டைகள். பைக்குள் இரண்டு அறைகள். கீழ் அறையில் இருப்பது முதன்மைப் பாராசூட். மேல் அறையில் இருப்பது ரிசர்வ் பாராசூட்.

பாராசூட் என்றால் குடை மாதிரி வட்டமாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ராணுவ வீரர்கள் பயன்படுத்தும் வகை பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் விளையாட்டாகக் குதிப்பவர்கள் பயன்படுத்துவது நீள்சதுரமாக, காற்றடித்த மெத்தை போல இருக்கும். உள்ளே ஏழு அல்லது ஒன்பது அறைகள். முன்பக்கம் திறந்த வாய். காற்று உள்ளே புகுந்ததும் உப்பி, விமானத்தின் இறக்கை போல ஆகிவிடும். இரண்டு பக்கமும் தொங்கும் கைப்பிடிகளில் வலது பக்கம் இழுத்தால் வலது பக்கம் திரும்பும், இடது பக்கம் இழுத்தால் இடது பக்கம் திரும்பும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் குறையும். தரையைத் தொடும் நேரத்தில் அதுதான் பிரேக்.

சரி, இது எப்படி விரிகிறது?

குதித்தவர் கையை உயர்த்தி நிற்க முடியாது. மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் குப்புற விழுந்துகொண்டிருப்பார். பையின் அடியில் செருகியிருக்கும் கைக்குட்டையைவிடப் பெரிதான ஒரு குட்டிப் பாராசூட்டை உருவிக் காற்றில் வீசுவார். அவ்வளவுதான் அவர் வேலை. காற்று அந்தக் குட்டியைப் பிடித்து இழுக்கும். அது பையின் ஊசியை இழுக்கும். பை திறக்கும். மடித்து வைத்த துணி வெளியே வரும். கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழும். கடைசியில் பெரிய பாராசூட் விரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்லைடர் என்ற சின்னத் துணி. நான்கு மூலையிலும் நான்கு வளையங்கள் உள்ள ஒரு சதுரம். பாராசூட் கயிறுகள் அந்த வளையங்கள் வழியாகத்தான் போகும். ஜன்னல் திரையின் வளையம் கம்பியில் சறுக்குமே, அது மாதிரி மேலிருந்து கீழே மெல்லச் சறுக்கி வரும். அது வரவரத்தான் பாராசூட் அகலமாக முடியும். இந்தத் துணி இல்லாவிட்டால் பாராசூட் 'படார்' என்று ஒரே நொடியில் விரிந்துவிடும். உள்ளே இருப்பவரின் எலும்புகளே முறியலாம். விரிய வேண்டும்; ஆனால் அவசரப்பட்டு விரியக் கூடாது!

பதினான்கு விநாடிகள்

இப்போது ஒரு கணக்கு. குதித்த முதல் 10 விநாடிகளில் ஒருவர் சுமார் 1,000 அடி கீழே வந்துவிடுவார். அதன்பிறகு ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை விநாடிதான். 10,000 அடியில் குதித்தவர் 5,000 அடிக்கு வர எவ்வளவு நேரமாகும்? போட்டுப் பாருங்கள். 32 விநாடிகள் வருகிறதா? சபாஷ்!

முதன்மைப் பாராசூட் கோணல்மாணலாக விரிந்து, முறுக்கிக்கொண்டு, சரியாகாமல் அடம் பிடித்தால்? 2,500 அடி உயரத்துக்குள் முடிவு எடுத்துவிட வேண்டும் என்று புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த உயரத்திலிருந்து, பாராசூட்டே விரியாமல் விழுந்தால் தரைக்கு வர 14 விநாடிகூட ஆகாது. நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அப்போது செய்ய வேண்டியவை இரண்டு. வலது பக்கக் கைப்பிடியை இழுத்தால் கெட்டுப்போன பாராசூட் கழன்று பறந்துவிடும். இடது பக்கக் கைப்பிடியை இழுத்தால் ரிசர்வ் விரியும். முதலில் வலது, பிறகு இடது. மாற்றிச் செய்தால், கெட்டது தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புதியது விரிந்து இரண்டும் சிக்கிக்கொள்ளலாம். அதனால்தான் பயிற்சியாளர்கள் தரையிலேயே கயிற்றில் தொங்கவிட்டு, "பார், பிடி, இழு" என்று திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். யோசிக்காமலே கை போக வேண்டும்.

ஒரு மனிதரின் முழு எடையையும் தாங்கும் பட்டை, கையால் லேசாக இழுத்தால் கழன்று வருவது எப்படி? இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த பில் பூத். 1970-களில் மூன்று இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டி இதைச் செய்தார். பெரியது, நடுத்தரமானது, சிறியது. கடப்பாரையால் பெரிய கல்லை எளிதாகப் புரட்டுகிறோம் அல்லவா? அதே நெம்புகோல் தத்துவம்தான். ஒவ்வொரு வளையமும் சுமையைக் குறைத்துக் குறைத்துக் கொடுக்கும். கடைசியில் ஒரு சின்ன நூல் வளையத்தில் ஒரு மெல்லிய கம்பி மட்டும் காவல் நிற்கும். கம்பியை உருவினால் மூன்றும் கழன்றுவிடும்!

சேலத்துப் பூஜ்யமும் ஓசூர் பூஜ்யமும்

குதித்தவர் மயங்கிவிட்டால் கைப்பிடியை யார் இழுப்பது? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஜெர்மனியில் தயாராகி 1991-ல் விற்பனைக்கு வந்த சைப்ரஸ் என்ற கருவி இந்த வகையில் புகழ் பெற்றது. காற்றழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஆள் வேகமாக விழுந்துகொண்டே இருக்கிறார் என்று தெரிந்தால், ரிசர்வ் பையைக் கட்டியிருக்கும் நூலைத் தானே வெட்டிவிடும்.

இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு புதிர். உயரம் என்றால் எங்கிருந்து உயரம்?

கருவிக்குத் தரை எது என்று யாராவது சொல்ல வேண்டும். அதை முடுக்கும் இடத்தையே அது 'பூஜ்யம்' என்று எடுத்துக்கொள்ளும். சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் மேட்டு நிலமோ சுமார் 900 மீட்டர். நடுவில் 600 மீட்டர் வித்தியாசம். ஒருவர் சேலத்தில் பூஜ்யம் வைத்துவிட்டு, ஜீப்பில் ஓசூர் வந்து, மாற்றாமல் அப்படியே குதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலத்துப் பூஜ்யத்திலிருந்து 225 மீட்டர் என்பது ஓசூர் தரைக்குக் கீழே 375 மீட்டர் ஆழத்தில் அல்லவா இருக்கும்? கருவி காத்துக்கொண்டே இருக்கும். ஆள் தரைக்கு வந்துவிடுவார்!

கையில் கட்டும் உயரமானிக்கும் இதே கணக்குதான். அது 2,600 அடி என்று காட்டும்போது உண்மையில் 600 அடிதான் மிச்சமிருக்கும். அதனால்தான் குதிக்கப் போகும் மைதானத்துக்கு வந்த பிறகே கருவியை முடுக்க வேண்டும், வேறு ஊருக்குப் போனால் அணைத்துவிட்டு மறுபடி முடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

மடித்தது யார்?

முதன்மைப் பாராசூட்டை, கற்றுக்கொண்டவர்கள் தாங்களே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வ் அப்படி அல்ல. அதற்கென்று படித்து உரிமம் வாங்கியவர்தான் மடிக்க வேண்டும். அவருக்கு ரிக்கர் என்று பெயர். அமெரிக்காவில் 180 நாட்களுக்கு ஒருமுறை ரிசர்வைப் பிரித்து, துணியையும் தையலையும் சோதித்து, மறுபடி மடிக்க வேண்டும். ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் இருந்தாலும் சரி! மடித்து முடித்ததும் ஊசியில் நூல் கட்டி ஈய முத்திரை வைப்பார். சீட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்நாட்டு ராணுவத்தில் ரிக்கர்களும் குதிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். "நீ மடித்ததைக் கட்டிக்கொண்டு நீயே குதி" என்று எப்போது சொன்னாலும் தயாராக இருக்க வேண்டும். இதைவிட நல்ல பரீட்சை வேறு எது?

பயிற்சியாளரின் வேலை சோதனையிலேயே பாதி போய்விடும். பையை மாட்டும் முன் ஒரு சோதனை. விமானத்தில் ஏறும் முன் ஒன்று. குதிக்கும் முன் மறுபடியும் ஒன்று. நெஞ்சுப் பட்டை கொக்கிக்குள் சரியாக நுழைந்திருக்கிறதா? தொடைப் பட்டை முறுக்கியிருக்கிறதா? ஹெல்மெட், கண்ணாடி? "இப்பத்தானே அண்ணா பார்த்தீங்க?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே மூன்றாவது முறையும் பார்ப்பார்.

காற்றும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி, தரையில் காற்று மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டரைத் தாண்டினால் கற்றுக்கொள்பவர்கள் குதிக்கக் கூடாது. அம்மியும் பறக்கும் ஆடிக் காற்றில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்! பணம் கட்டி, தூரத்திலிருந்து வந்து, காலையிலிருந்து காத்திருப்பவர்களிடம் "இன்று இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்வது எளிதல்ல. ஆனால் அப்படிச் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல பயிற்சியாளர் என்பேன்.

கையெழுத்துப் போட்டாச்சே!

2012-ல் சேலம் விமான நிலையத்தில் நடந்த பயிற்சிக் குதிப்பின்போது பெங்களூரிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். போலீஸ் விசாரணை நடந்தது. இது நடந்தது நம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து ஊரில்.

இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்குப் போகும்போது ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். "ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தே கலந்துகொள்கிறேன். ஏதாவது நடந்தால் நானே பொறுப்பு" என்று அதில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டால் நடத்துபவருக்குக் கவலையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தவறு! காற்று திடீரென்று திசை மாறுவது விளையாட்டோடு வரும் ஆபத்து. அதை ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறோம். பழைய கயிற்றை மாற்றாமல் விட்டது? பட்டையைச் சோதிக்காமல் அனுப்பியது? அது கவனக்குறைவு. கவனக்குறைவால் உயிர் போனால் நம் நாட்டில் அது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் இருக்கிறது. எந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாலும் இது மாறாது.

இன்னொன்று. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் நம் சட்டப்படி செல்லாது. உங்கள் கையெழுத்துக்கு இன்னும் மதிப்பு வரவில்லை குட்டீஸ்! பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் 'டேண்டம்' முறைக்கும் 18 வயதை எல்லையாக வைத்திருக்கும் இடங்கள் உலகில் நிறைய. அதுவரை, சுற்றுலா போகும் இடத்தில் கம்பிக் கயிற்றில் தொங்கி அந்தப் பக்கம் போகும் விளையாட்டு இருந்தால், கட்டிவிடும் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கொக்கி கழன்றால், இரண்டாவது கொக்கி எங்கே இருக்கிறது?" அவர் உடனே தொட்டுக் காட்டினால் சரி. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றால் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்கு வந்துவிடலாம்.

விண்வெளிக்கும் அதே கேள்வி

நம் ககன்யான் திட்டத்திலும் இதே யோசனைதான். விண்வெளி வீரர்கள் திரும்பி வரும் கலத்துக்குச் சிறிதும் பெரிதுமாக 10 பாராசூட்டுகள். ஆக்ராவில் உள்ள பாராசூட் ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கியவை. கடைசியில் விரியும் மூன்று பெரிய பாராசூட்டுகள் ஒவ்வொன்றும் 25 மீட்டர் குறுக்களவு. மூன்றில் இரண்டு விரிந்தாலே கலம் பத்திரமாக இறங்கிவிடும்.

அதை எப்படி உறுதி செய்வது? 2022 நவம்பர் 18 அன்று உத்தரப்பிரதேச மாநிலம் ஜான்சிக்கு அருகே பாபினாவில், ஒரு பாராசூட் விரியாமல் போனால் என்ன ஆகும் என்பதையே சோதித்தார்கள். விமானப்படையின் ஐஎல்-76 விமானம், கலத்தின் எடைக்குச் சமமான 5 டன் சுமையை இரண்டரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து தள்ளிவிட்டது. 5 டன் என்றால் நம் தேன்கனிக்கோட்டைக் காட்டில் திரியும் பெரிய கொம்பன் யானை ஒன்றின் எடை! இரண்டு மூன்று நிமிடங்களில் அது மெல்ல மிதந்து வந்து தரையில் உட்கார்ந்தது.